கற்பிப்பதற்கு முன் ஒரு மீள்பயிற்சி: பிரெஞ்சு இலக்கண வகுப்பு மதிப்புரை

பதினோராம் வகுப்புக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் பொறுப்பு வரவிருந்ததால், புதுச்சேரியில் ஆறு வாரம் சனிக்கிழமைதோறும் நடந்த இலக்கண மீள்பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பேச்சில் தடுமாறாத எனக்கு, விதியைக் காரணத்தோடு விளக்கச் சொன்னால் மட்டும் வாய் எழாது.

மிகச் சிறப்பாக அமைந்தது இறந்தகால எச்சத்தின் இயைபு, அதாவது வினையின் இறந்தகால எச்ச வடிவம் பாலுக்கும் எண்ணுக்கும் (ஒருமை, பன்மை) ஏற்ப மாறுவது பற்றிய பாடம். 'உடைத்தாயிரு' என்னும் பொருள் தரும் 'அவ்வார்' துணைவினையோடு வரும் எச்சம், நேர்ச் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் நின்றால்தான் அதன் பாலையும் எண்ணையும் ஏற்கும். 'கடிதங்களை எழுதினேன்' என்பதில் 'எக்ரி' என ஒலிப்பது, 'நான் எழுதிய கடிதங்கள்' என்று திருப்பும்போது 'எக்ரித்' ஆகிறது. ஆனால் 'வாங்கிய' என்னும் பொருள் தரும் 'அஷ்தே' எழுத்தில் மட்டுமே மாறி ஒலியில் மாறாததால்தான் பிள்ளைகள் இவ்விதியைத் தவறவிடுகிறார்கள் என்று பயிற்றுநர் காட்டியபோது, என் பழைய விடைத்தாள்கள் நினைவுக்கு வந்தன. பொருளை வைத்துப் பால் அறியும் தமிழ் மாணவருக்கு, மேசை ஏன் பெண்பால் என்பதை எப்படிச் சொல்வது என்பதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

1990ஆம் ஆண்டின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் சீர்திருத்தத்தைப் பத்தே நிமிடத்தில் முடித்தது குறைதான். நகல் தாள்களின் அச்சு மங்கலாக இருந்ததோ பெருங்குறை: 'மேல்' என்பதையும் 'உறுதியான' என்பதையும் பிரெஞ்சில் பிரிப்பது 'உ' ஒலிக்குரிய எழுத்தின் மேலுள்ள ஒரு தொப்பிக் குறிதான், அதுவே தாளில் தெரியவில்லை. சேர்பவர்கள் மூலப் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.