மதர்போர்டா, டிரைவ் போர்டா? பழைய சிப் சேகரிப்பவர் எதைக் கழற்றலாம்

பழைய ப்ராசசர் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது மதர்போர்டில்தான். சாக்கெட்டில் நெம்புகோல் இருந்தால் தூக்கினால் போதும், சிப் கையோடு வந்துவிடும். சால்டர் வேலையே இல்லை.

386 ப்ராசசரிலும் ஆரம்பகால 486-லும் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அந்தச் சாக்கெட்டுகள் பலவற்றில் நெம்புகோல் கிடையாது. 486-க்கு 168 கால்கள். ஒரே பக்கமாக நெம்பினால் எதிர்ப்பக்கக் கால்கள் வரிசையாக மடங்கிவிடும். நான்கு பக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் நூலளவு மட்டும் தூக்க வேண்டும். அந்தக் காலத்துப் போர்டுகளில் குட்டிப் பீப்பாய் மாதிரி ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது ஒழுகிச் சுற்றிலும் பச்சை பூத்திருந்தால், வினிகரில் நனைத்த பிரஷ்ஷால் துடைக்கலாம். ஒழுகியது காரம் என்பதால் அமிலம் அதை அடக்கும்.

மதர்போர்டில் எனக்குள்ள ஒரே குறை, அதில் கிடைப்பது எல்லோரிடமும் இருக்கும். 1995-இல் வந்த பென்டியம் ப்ரோ விதிவிலக்கு. 387 கால்களும் தங்கப் பூச்சுமாக வந்த சிப் அது. தங்கத்துக்காகவே பலர் அதை உருக்கித் தீர்த்ததால், முழுசாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

எனக்குப் பிடித்த வேட்டை டிரைவ் போர்டில், அதாவது டிஸ்க் டிரைவுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில். கமடோர் 1541 ஃபிளாப்பி டிரைவ் தன்னளவில் ஒரு கணினி: உள்ளே 6502 என்ற ப்ராசசர் ஒன்று, துணைக்கு உள்ளீடு-வெளியீட்டைப் பார்த்துக்கொள்ளும் 6522 சிப் இரண்டு. வேடிக்கை என்னவென்றால், அது இணைந்து ஓடிய கமடோர் 64-இல் இருப்பது 6510 என்ற மாற்றுருவம். அசல் 6502 வேண்டுமென்றால் கணினியை விட்டுவிட்டு டிரைவைத்தான் திறக்க வேண்டும். ஆனால் ஓடுகிற 1541-ஐ ஒரு சிப்புக்காகப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. செத்த டிரைவ் கிடைத்தால் சரி.

ஹார்ட் டிரைவ் போர்டுகளில் ஆட்டமே வேறு. பழைய டிரைவ்களில் இன்டெலின் 8051 கன்ட்ரோலர் குடும்பத்துச் சிப்கள் உண்டு. ஆனால் தலையில் அந்த எண் இருக்காது, டிரைவ் நிறுவனத்தின் சொந்தப் பாக எண்தான் இருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மூலையில் சின்ன எழுத்தில் இன்டெல் பதிப்புரிமை (©) வரியும் ஓர் ஆண்டும் தெரிந்தால், முகமூடிக்குப் பின்னால் யார் என்று ஊகித்துவிடலாம். அந்த ஆண்டைத் தயாரிப்பு ஆண்டு என்று நினைத்து ஏமாறாதீர்கள், அது வடிவமைப்புக்கு உரியது. தயாரித்த காலம் பெரும்பாலும் நாலிலக்க எண்ணில் இருக்கும்: 8432 என்றால் 1984, 32-ஆவது வாரம். அதே குடும்பத்தில், நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்த 8751 கிடைத்தால் யோகம். ஜன்னல்மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்க்க வேண்டாம். புற ஊதா ஒளி பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துவிடும்.

எஸ்எஸ்டி பக்கம் போகவே வேண்டாம். அடியில் உருண்டைச் சால்டர், மேலே கருப்புச் சதுரம், அவ்வளவுதான்.

கணினிக்கு வெளியே பிரிண்டர், மோடம், கீபோர்டு, டெர்மினல் (பெரிய கணினியோடு இணைக்கும் திரையும் கீபோர்டும்) எல்லாமே தோண்டத் தகுந்தவை. ஆப்பிளின் முதல் லேசர்ரைட்டர் பிரிண்டரில் மோட்டரோலா 68000 ப்ராசசர், விடி100 டெர்மினலில் இன்டெல் 8080. பார்க்க அழகு என்றால் என் ஓட்டு 68000-க்குத்தான். 64 கால் வடிவத்தில் அது எட்டு சென்டிமீட்டர் நீளம். டெர்மினலைத் திறக்கும் முன் ஒரு எச்சரிக்கை: மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

சாக்கெட் இல்லாமல் நேராகச் சால்டர் செய்த சிப்பைக் கழற்றுவதில்தான் டிரைவ் போர்டு நம்மைச் சோதிக்கும். நான் ஆரம்பத்தில் ஹீட் கன்னை ஒரே இடத்தில் பிடித்து, வெள்ளைப் பீங்கான் சிப் ஒன்றை 'டிக்' என்ற சத்தத்தோடு இரண்டாகப் பிளந்தேன். பீங்கானுக்குத் திடீர்ச் சூடு ஆகாது. 40 கால் சிப்புக்கு இப்போது என் வழி வேறு. முதலில் ஒவ்வொரு காலிலும் புதிதாகக் கொஞ்சம் ஈயச் சால்டர் வைப்பேன். பழைய சால்டர் அதோடு கலந்து நன்றாக இளகும். அப்புறம் பம்பால் உறிஞ்சி, காலை லேசாக அசைத்துப் பார்ப்பேன். ஆடாத காலுக்குத் திரும்பவும் அதே வேலை. பிஸ்மத் கலந்த, குறைந்த சூட்டில் இளகும் கலவை இன்னும் மென்மையானது, ஆனால் ஒட்டியதைச் சுத்தம் செய்யத் தனி நேரம் வேண்டும். துளையில்லாமல் போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டிய தட்டைச் சிப்களுக்கு ஹாட் ஏர்தான் சுலபம். அதிலும் முதலில் போர்டு முழுவதையும் மெல்லச் சூடேற்றிக்கொள்வேன். காலை வெட்டி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். குட்டைக் காலோடு நிற்கும் சிப்பை யாரும் ஆசையாக வாங்குவதில்லை.