காசு டூல் வாங்குறதுக்கு முன்னாடி கூகுள் சர்ச் கன்சோல பாத்துருங்க
எஸ்இஓ (கூகுள் தேடல்ல நம்ம சைட்ட மேல கொண்டு வர்ற வேலை) டூல்னு மாசாமாசம் காசு கட்டுறதுக்கு முன்னாடி, கூகுளே ஃப்ரீயா குடுக்குற சர்ச் கன்சோல முழுசா யூஸ் பண்ணிப் பாருங்கப்பா (2015 வரைக்கும் வெப்மாஸ்டர் டூல்ஸ்னு பேரு). என் மார்க் 5க்கு 4. பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்தான் இதுல தங்கம், என்ன தேடினப்போ நம்ம பதிவு வந்துச்சு, எத்தன கிளிக், சராசரியா எத்தனாவது இடம்னு 16 மாச டேட்டா காட்டுது. நான் மொதல்ல தேடுறது இம்ப்ரெஷன் (தேடல் ரிசல்ட்ல நம்ம லிங்க் எத்தன தடவ காட்டப்பட்டுச்சுங்குற கணக்கு) நெறைய இருந்தும் கிளிக்கே விழாத பதிவ, அதுக்கு தலைப்ப கொஞ்சம் தெளிவா மாத்தினாலே பல நேரம் வித்தியாசம் தெரியும். தமிழ்ல எழுதுறவங்களுக்கு இன்னொரு லாபம், நம்ம ஜனங்க தமிழ இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி தேடுறதும் அப்படியே லிஸ்ட்ல தெரியும்.

சைட்மேப் (நம்ம சைட்டுல இருக்குற பக்கங்களோட லிஸ்ட்) கூகுளுக்கு குடுக்குறது ஈஸி. ஆனா ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங் (ஒரு பக்கத்த கூகுள் தேடல்ல சேத்துக்கச் சொல்லிக் கேக்குற பட்டன்) அமுக்கினதும் கூகுள்ல வந்துரும்னு நெனைக்காதீங்க, கேரண்டி கிடையாது, ஒரு நாளைக்கு லிமிட்டும் உண்டு, ஒரே லிங்க்க திரும்பத் திரும்ப குடுத்தாலும் வேகம் கூடாது. ஸ்கிரீன்ல 1000 வரிக்கு மேல காட்டாததுதான் கடுப்பு. போட்டி சைட்டு நெலவரம் இதுல தெரியாது, அது கட்டாயம் வேணும்னா மட்டும் காசு டூல் பக்கம் போங்க.