ஸ்டேஷன் பக்கம் சின்ன வீடா, தள்ளிப் பெரிய வீடா?

புறநகரில் ஒரே பட்ஜெட்டில் வீடு தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான்: ரயில் நிலையத்துக்கு நடந்தே போகும் தூரத்தில் சின்ன வீடு, அல்லது 3, 4 கி.மீ. தள்ளிப் பெரிய வீடு.

நேரம்
பக்கம்: 800 மீட்டர் என்றால் 10 நிமிட நடை. ஆனால் விளம்பரத் தூரம் பல நேரம் நேர்கோட்டில் அளந்தது. நடுவில் தண்டவாளமோ நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால், சுற்றிப்போகும் வழி இரட்டிப்பாகலாம். நடைபாதை, தெருவிளக்கு இருக்கிறதா என்று இருட்டிய பிறகு நடந்து பாருங்கள். மழை நின்றதும் இன்னொரு முறை.
தள்ளி: இணைப்புப் பேருந்து 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரிக் காத்திருப்பே 10 நிமிடம். ரயில் தாமதமாகிப் பஸ் தவறினால் முழு 20. கடைசி ரயிலில் இறங்கினால் பஸ் உண்டா? இதைக் கேட்கப் பலரும் மறக்கிறார்கள்.

செலவு
பக்கம்: சதுர அடி விலை அதிகம்.
தள்ளி: விலை குறைவு. இரண்டாவது வண்டி, பெட்ரோல், பார்க்கிங் கட்டணத்தை மாதத் தவணையோடு கூட்டினால் அந்த லாபம் கரையும்.

சத்தம்
பக்கம்: உண்டு. படுக்கையறை தண்டவாளத்தைப் பார்த்திருந்தால் வேண்டாம்.
தள்ளி: நிம்மதி.

வாரம் 4, 5 நாள் அலுவலகம் போகிறவர்களுக்கும், வண்டி ஓட்டாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் பக்கம்தான் சரி. பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை என்றால் தள்ளிப் போகலாம். மளிகை, மருந்துக்கடை மட்டும் 500 மீட்டருக்குள் இருக்கட்டும். ‘வரப்போகிற’ ஸ்டேஷனைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ரயில் ஓடும்வரை.