கிரிப்டோவில் ஆடினால் யாருக்கும் தெரியாதா? என் இரண்டு வருட அனுபவம்

2023 தொடக்கத்தில் கிரிப்டோ பணம் கட்டி ஆடும் ஒரு டைஸ் (பகடைச் சூதாட்ட) தளத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மின்னஞ்சல் மட்டும் போதும், ஆதார் பான் எதுவும் கேட்கமாட்டோம் என்றார்கள். பேங்க் ஸ்டேட்மென்ட்டில் தளத்தின் பெயர் வராது, வீட்டில் தெரியாது. எனக்கு அதுதான் தேவை. ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தபோதுகூட, என்னை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

பணம் போடுவதில் குறை சொல்ல முடியாது. டிரான் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில் யுஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) அனுப்பினால் டீ ஆறுவதற்குள் கணக்கில் ஏறிவிடும். டைஸ் முடிவில் தில்லுமுல்லு இல்லை என்று தளம் தரும் சீட், ஹேஷ் என்ற குறியீடுகளை வைத்து நாமே சரிபார்க்கலாம். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. நியாயமாகவே தோற்றேன்.

ஆறேழு மாதம் கழித்து நண்பனிடம் வாங்கிய கடனை தளத்துக்குப் பணம் அனுப்பிய அதே கிரிப்டோ வாலட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தேன். அவன் என் வாலட் முகவரியை டிரான்ஸ்கேனில் (டிரான் பரிமாற்றங்களை யாரும் பார்க்கக்கூடிய இணையதளம்) போட்டுப் பார்த்திருக்கிறான். போனது, வந்தது, தொகை, நேரம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. "ராத்திரி 2.40-க்கு 50 டாலர் அனுப்பியிருக்கியே, தூங்கவே மாட்டியாடா?" என்றான். முகவரியில் பெயர் இல்லைதான். ஆனால் அது யாருடையது என்று ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் பழைய கணக்கு மொத்தமும் அவன் கையில்.

அப்புறம், அந்த யுஎஸ்டிடியை வாங்கியதே பான், செல்ஃபி கொடுத்துக் கணக்குத் திறந்த எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்). 2023 மார்ச்சிலிருந்து எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஜெயித்ததை அங்கே விற்றபோது 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்து, அது வருமான வரித் துறையின் படிவம் 26ஏஎஸ்-இல் ஏறிவிட்டது. ஆடிட்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

பெரிய கூத்து கடைசியில்தான். ஒரே இரவில் 1,900 யுஎஸ்டிடி வந்தது. எடுக்கப் போனால் 'சரிபார்ப்பு' என்று நிறுத்திவிட்டார்கள். மாதக்கணக்கில் தோற்றபோது கேட்காத அடையாள அட்டை, கையில் தாளோடு செல்ஃபி, முகவரிச் சான்று எல்லாம் ஜெயித்தபோது வேண்டுமாம். விதிமுறையில் எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. விபிஎன் (இருக்கும் நாட்டை மறைக்கும் மென்பொருள்) போட்டு வந்ததற்குத் தனி விசாரணை. 19 நாள் இழுத்துப் பணத்தைக் கொடுத்தார்கள், அது உண்மை. என் ஆதார் படம் இப்போது எந்த நாட்டு சர்வரில் கிடக்கிறதோ!

முகவரிச் சான்றுக்கு வீட்டில் இருந்தது கரண்ட் பில் ஒன்றுதான், அதுவும் அப்பா பெயரில். வீட்டு லோனுக்கு என்று சொல்லி வாங்கினேன். லோன் என்னாச்சு என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.