கரிசல் தரையில் நட்ட 'ஹேப்பி பர்த்டே': பிளேனோவில் யார்ட் சைன் வாடகைக்கு விடும் ஒரு தம்பதி

டெக்சாஸில் பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிறந்தநாள், பட்டமளிப்பு, வளைகாப்பு என்று வீட்டுவாசலில் எழுத்து நட ஆள் தேடுகிறீர்கள் என்றால், எங்கள் பேட்டையில் கராஜிலிருந்து தொழில் நடத்தும் ஒரு தம்பதியைக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடலாம். வீட்டு முகவரியிலேயே நடத்துவதால் பெயரையும் எண்ணையும் பொதுவில் போடவில்லை. கேட்பவர்களுக்குத் தனியாகத் தருகிறேன்.

யார்ட் சைன் என்றால் என்ன என்று ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இங்கே வீட்டு முன்புல்வெளியில் இரண்டடி உயர எழுத்துகளை ஒவ்வொன்றாக நட்டு, பக்கத்தில் கேக், பலூன், நட்சத்திர அட்டைகளைச் சொருகி வைப்பார்கள். ராத்திரி வந்து நட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். 2020 ஊரடங்கில் யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாமல், காரில் இருந்தபடியே ஹார்ன் அடித்துப் பிறந்தநாள் கொண்டாடினார்களே, அப்போதுதான் இது தெருவுக்குத் தெரு பரவியது. கார்ட் மை யார்ட், சைன் ஜிப்சீஸ் மாதிரி ஊருக்கு ஊர் கிளை வைத்த பெரிய பெயர்கள் உண்டு. நான் சொல்லும் தம்பதிக்குக் கிளை எல்லாம் கிடையாது. ஒரு மினிவேன், ஒரு டிரில், கராஜ் நிறைய பிளாஸ்டிக் தொட்டிகள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு எழுபது. விசிட்டர் விசாவில் அம்மாவோடு வந்திருந்தார், ஆகஸ்ட் மாதம். கோவில்பட்டியில் இருந்திருந்தால் தம்பி நாற்சந்தியில் பிளக்ஸ் கட்டியிருப்பான். சொந்தக்காரர் மூஞ்சி அத்தனையும் வட்டம் வட்டமாக அதில் இருக்கும். எனக்கு அந்த ஆசை கொஞ்சம் உண்டு, பயமும் உண்டு. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிர் போனதிலிருந்து, பேனர் என்றாலே முதலில் அது எதில் கட்டியிருக்கிறது என்றுதான் என் கண் போகும். அதனால் எழுத்து நடும் தம்பதியில் அந்தம்மாவிடம் போனில் நான் கேட்ட முதல் கேள்வி விலை இல்லை. "காற்றடித்தால் என்ன ஆகும்?"

அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னார். எழுத்துகள் கோரோபிளாஸ்ட் என்கிற பிளாஸ்டிக் அட்டை; அட்டைப்பெட்டி மாதிரியே உள்ளே வரிவரியாகக் குழாய் ஓடும், அந்த ஓட்டையில்தான் இரும்புக்கம்பி ஏறும். ஒரு எழுத்தைச் சுண்டுவிரலில் தூக்கலாம், மேலே விழுந்தாலும் காயம் வராது. ஆனால் கனமில்லாததாலேயே பட்டம் போலப் பறந்து பக்கத்து வீட்டுக் கார் மேல் போய் விழும். மணிக்கு 25 மைலுக்கு மேல் காற்று என்று வானிலை சொன்னால் நடவே மாட்டாராம், தேதியை மாற்றிக்கொள்ளலாம், பணம் போகாது. இதை முன்பணம் வாங்கும் முன்பே சொன்னார். அங்கேயே எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்து அவர் கேட்ட கேள்வி: "ஸ்பிரிங்க்ளர் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது?" பள்ளம் தோண்டும் முன் 811க்கு அழைத்தால் இலவசமாக வந்து, மண்ணுக்குள் ஓடும் கேஸுக்கு மஞ்சள், கரண்டுக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று தரையில் வண்ணமடித்துப் போவார்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் வீட்டுக்குள் நாம் போட்ட ஸ்பிரிங்க்ளர் குழாய் அவர்கள் கணக்கில் வராது. அதுவோ ஆழமே இல்லாமல் கிடக்கும். வேறொரு இடத்தில் எழுத்து நட்டுக்கொண்ட தோழி ஒருத்தி வீட்டில் கம்பி குழாயைப் பொத்துவிட்டது. விடிந்து பார்த்தால் புல்வெளியில் குளம். நட்டவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இந்தம்மா, சாயங்காலம் ஒரு தடவை ஸ்பிரிங்க்ளரை ஓட்டி வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். தண்ணீர் பீச்சும் தலைகளைப் பார்த்தே குழாய் போகும் தடத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டார். நடும் ராத்திரி டைமரை அணைத்துவைக்கவும் மறக்காமல் மெசேஜ் வந்தது.

மண்தான் பெரிய விஷயம். இந்தப் பக்கமெல்லாம் பிளாக்லேண்ட் பிரெய்ரி, அசல் கரிசல். டெக்சாஸின் அடையாள மண்ணே ஹூஸ்டன் பிளாக் என்கிற இந்தக் கறுப்புக் களிமண்தான். மழையில் ஊறி உப்பும், வெயிலில் சுருங்கிக் கைவிரல் போகிற அளவுக்கு வெடிக்கும். அஸ்திவாரம் ஆடாமல் இருக்க வீட்டைச் சுற்றித் தண்ணீர் விடுகிற ஊர் இது. ஆகஸ்ட் மாதத் தரையில் மெல்லிய கம்பியைக் கையால் அழுத்தினால் கம்பிதான் வளையும். அதற்குத்தான் டிரில். ஒன்பது மணிக்கு இருட்டியதும் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் நூல் பிடித்து நேர் பார்க்க, கணவர் நீள டிரில் பிட்டால் ஒரு சாண் ஆழம் துளைபோட, கம்பி சரசரவென்று இறங்கியது. வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்த அப்பா சும்மா இருப்பாரா? சர்ப்ரைஸ் எல்லாம் அப்போதே போச்சு. இறங்கி வந்து காலால் தரையைத் தட்டிப் பார்த்தவர், "ஏம்மா, வெடிப்புல ஊனுனா எப்படி நிக்கும்? ஒரு முழம் தள்ளி ஊனச் சொல்லு" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர்களும் தள்ளி ஊன்றினார்கள். இரண்டு பேருக்கும் 'எழுபது'க்காரர் இவர்தான் என்று அப்புறம்தான் தெரிந்தது.

குறை சொல்லாமல் விட முடியாது. தமிழ் எழுத்து கிடையாது. 'வாழ்க வளமுடன் அப்பா' என்று ஒரு தனிப் பலகை மட்டும் அச்சடித்துத் தர ஒத்துக்கொண்டார். அவருக்கு அச்சடித்துக் கொடுக்கிறவர் அனுப்பிய முதல் மாதிரியில் ஒற்றுப் புள்ளிகள் எல்லாம் எழுத்தை விட்டு நகர்ந்து ஆளுக்கொரு பக்கம் நின்றன. தமிழ் தெரியாத டிசைன் மென்பொருளில் ஒட்டினால் இப்படித்தான் வரும். நானே எழுத்தை வடிவமாக மாற்றிப் பி.டி.எஃப்.பாகக் கொடுத்தபின் சரியானது. நீங்கள் கேட்டாலும் எழுத்தாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். பலகைக்குத் தனிக்காசு 40 டாலர். அது நமக்கே சொந்தம்.

மொத்த வாடகை 110 டாலர். ஆன்லைனில் இதைவிட மலிவாக ஒரு செட்டே வாங்கலாம் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வாங்கலாம். அந்தக் கம்பியை இந்த மண்ணில் அவர் ஊன்றிக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். கராஜில் அதை அடுக்க இடமும் அவரே பார்க்கட்டும்.

மறுநாள் பிடுங்க வந்தபோது ஒவ்வொரு துளையிலும் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டுப் போனார்கள். அப்பாவிடம் இதற்கு முழு மார்க்.

தமிழ் எழுத்து செட் ஒன்று செய்யச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்பதற்குக் துணைக்காலை (ா) மட்டும் தனியாக வெட்டினால் 14 அட்டை போதும். அதே கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் மற்ற வாசகங்களுக்கும் ஓடும். பி, து மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பவற்றைத்தான் தனித்தனியே வெட்ட வேண்டும். வருடத்துக்குப் பத்து வீடாவது எடுப்பதாகச் சொன்னால் செய்கிறேன் என்கிறார். பொங்கலுக்கு, வளைகாப்புக்கு என்று யாருக்காவது வேண்டுமானால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மே கடைசியில் மட்டும் கேட்காதீர்கள்; பட்டமளிப்பு சீசனில் ஒரு மாதம் முன்பே அவர்கள் தேதி நிரம்பிவிடுகிறது.