மனைகளுக்கு நடுவே கூடுகள்: 600 மி.மீ. லென்ஸோடு சில வருஷங்கள்

150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வாங்கலாமா என்று கேட்கிறவர்கள், பறவை பெரிதாகத் தெரியும் என்ற ஆசையில்தான் கேட்கிறார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் வருஷக்கணக்காக இதைச் சுமந்த பிறகு நான் சொல்வது, தள்ளி நிற்க மனசிருந்தால் வாங்குங்கள். கிட்டப் போகிற பழக்கம் இருந்தால் இதுவும் வீண்தான்.

கே.டி.சி. நகரைத் தாண்டி, கல் நட்டுப் போட்டிருக்கும் காலி மனைகளில் கோடையில் ஆக்காட்டி முட்டையிடும். கூடு என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. சரளைத் தரையில் ஒரு சின்னக் குழி, அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, நிறம் அந்த மண்ணேதான். ஆள் நெருங்கினால் பறவை கத்திக்கொண்டு எழுந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். நம்மூர் சித்திரை வெயிலில் அது அடைகாப்பதில் பாதி, முட்டைக்கு நிழல் கொடுக்கும் வேலை. வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டைமேல் உட்காரும். அந்தப் படம் வேண்டுமென்றால் நாம் அங்கே இருப்பதையே பறவை மறந்திருக்க வேண்டும். கிராப் சென்சார், அதாவது சின்ன சென்சார் உள்ள கேமராவில் 600 மி.மீ. என்பது 900 போல வேலை செய்வதால், தெருவோரம் காரை நிறுத்தி ஜன்னல் வழியாகவே எடுத்துவிடலாம். காரை அது சட்டை செய்வதில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் போச்சு.

இரண்டு கிலோ எடையைக் கையில் பிடித்தபடி காத்திருக்க முடியாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இருபக்கமும் தைத்து, உள்ளே அரிசி போட்டு, லென்ஸைத் தாங்க ஜன்னலில் வைத்துக்கொள்கிறேன். அவ்வப்போது வண்டு விழும், மாற்ற வேண்டும். ட்ரைபாட் மனைகளுக்குள் சரிப்படாது. விரித்து வைத்த உடனே யாராவது வந்து, “என்ன தம்பி, எடம் அளக்கியளா?” என்று நின்றுவிடுவார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று வேறு அதைப் போட்டு ஆட்டும்.

குறை என்றால் முதலில் வெக்கை. காலை ஒன்பது மணிக்கு மேல் தரையிலிருந்து எழும் கானலில், தூரத்துப் பறவையின் கண் கூர்மையாக வராது. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதற்கு வழி கிடையாது. வெளிச்சத்திலும் இடிக்கிறது. 600-இல் லென்ஸ் திறப்பதே எஃப் 6.3 வரைதான் என்பதால், மேகமூட்டமான ஐப்பசிக் காலையில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எங்கேயோ ஏறிப்போய்ப் படம் புள்ளி தட்டிவிடும். தூக்கணாங்குருவிகள் பனையோலையிலும் உடைமரத்திலும் கூடு பின்னுவது தரையை விட்டு உயரத்தில் என்பதால் கானல் தொல்லை அங்கே அவ்வளவு இல்லை. ஆண் குருவி பாதிக் கூட்டை முடித்துவிட்டுத் தொங்கிக்கொண்டு சிறகடித்துப் பெட்டையைக் கூப்பிடும். அதற்கு 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமான ஷட்டர் வேண்டும்.

வாசலில் துணிக் கொடியில் கட்டும் தேன்சிட்டுக் கூட்டுக்கு இந்த லென்ஸ் அதிகப்படி. இரண்டரை மீட்டர் போல விலகினால்தான் ஃபோகஸே பிடிக்கும். சன்னலுக்கு உள்ளே திரைக்குப் பின்னால் நின்று, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் சாதாரண ஜூமால் எடுப்பதே நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். கூட்டை மறைக்கிற கிளையை ஒதுக்கிக் கட்டுவதும் வெட்டுவதும் அறவே கூடாது. காக்காய்க்கு நாமே வழிகாட்டிய மாதிரி. கூட்டைத் தொந்தரவு செய்வதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. படம் போடும்போது இடத்தைச் சொல்லாமல் இருப்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

கூந்தன்குளத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1994 முதல் அது சரணாலயம் என்றாலும், சங்குவளை நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். அங்கே 600 போட்டால் அலகு மட்டும்தான் படத்துக்குள் அடங்கும், 200 போதும்.

மழைக்காலத்தில் லென்ஸைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு வைத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பாருங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ள பழையது கிடைத்தால், உள்கண்ணாடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம்.