ரங்கூன் மணி 10-20: டேட் கட்டளையுடன் பதினொரு ஆண்டுகள்

ரங்கூன் மொகல் தெருவில் உளுந்தும் துவரையும் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். தெருவின் பெயர்ப்பலகையில் இப்போது வேறு பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் இன்னும் மொகல் தெருதான். பதினொரு ஆண்டுகளாக என் மேசையில் இருப்பது லினக்ஸ் கணினி. அதில் நான் தினமும் தொடும் கருவி ஒன்றைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. அது குனு கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்பில் வரும் 'டேட்' கட்டளை; தேதியையும் நேரத்தையும் காட்டும், கூட்டிக் கழித்தும் சொல்லும். விலை கிடையாது, இணையமும் வேண்டாம். மின்சாரம் போய் மடிக்கணினியின் பேட்டரி மட்டும் மிஞ்சியிருக்கும் நாள்களிலும் அது பதில் சொல்கிறது. இந்த ஊரில் அதன் அருமை எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தொழிலில் தேதி என்றால் பணம். சரக்கு கப்பலேறிய நாளிலிருந்து 90 நாளில் சென்னை வியாபாரி தொகையைக் கட்ட வேண்டும். 2024 ஜனவரி 31இல் ஏறிய சரக்குக்கு '90 நாள் கூட்டு' என்று கேட்டால் ஏப்ரல் 30 என்று வருகிறது. அதே தேதிக்கு '3 மாதம் கூட்டு' என்றால் மே 1. ஏப்ரலுக்கு 31ஆம் தேதி இல்லாததால் மிஞ்சிய ஒரு நாளை அது அடுத்த மாதத்தில் தள்ளிவிடுகிறது. ஒரு மாதம் மட்டும் கூட்டினால் மார்ச் 2 என்று வந்து நிற்கும், பிப்ரவரியே காணாமல் போய்விடும். கருவியின் கையேடு இதை மறைக்கவில்லை. முந்தைய மாதம் எது என்று கேட்க வேண்டுமானால் இந்த மாதத்தின் 15ஆம் தேதியில் நின்றுகொண்டு கேள் என்று அதுவே அறிவுரை சொல்கிறது. ஒப்பந்தத்தில் நாள் என்று இருந்தால், கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஸ்கிரிப்டிலும் நாளாகவே எழுதுங்கள்.

இதைக் குறை என்று நான் எண்ணவில்லை. என் மனத்தாங்கல் வேறு. நாம் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் அது வாய் திறப்பதில்லை. '03/04/2024' என்று கொடுத்தால் அமெரிக்க முறைப்படி மார்ச் 4 என்று படிக்கும். இங்கேயும் இந்தியாவிலும் அது ஏப்ரல் 3. வெளிநாட்டு முகவர் ஒருவர் இப்படித் தேதி எழுதி அனுப்பிய பட்டியலை என் ஸ்கிரிப்ட் ஒரு சத்தமும் இல்லாமல் விழுங்கிவிட்டது. 13ஆம் தேதிச் சரக்கு வந்தபோதுதான் 'செல்லாத தேதி' என்று நின்றது. முதல் பன்னிரண்டு நாள்களின் கணக்கை இரவெல்லாம் உட்கார்ந்து திருத்தினேன். அன்றிலிருந்து ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைத் தவிர வேறு எதையும் அதற்கு நான் ஊட்டுவதில்லை.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. '2024-03-04 10:00' என்று எழுதி, அதன் பின்னால் '+3 நாள்' என்பதை ஆங்கிலத்தில் சேர்த்தால் மார்ச் 7 காலை 10 மணி வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? மார்ச் 5 பிற்பகல் 1:30 வருகிறது. மணிக்குப் பின்னால் வரும் '+3' என்பதை அது உலகப் பொது நேரத்துக்கு மூன்று மணி முன்னால் உள்ள நேர மண்டலமாக எடுத்துக்கொள்கிறது; அங்கே காலை 10 என்றால் ரங்கூனில் பிற்பகல் 1:30. மிஞ்சிய 'நாள்' என்ற சொல்லுக்கு ஒரு நாளைக் கூட்டிவிடுகிறது. தேதி, கூட்டல், கடைசியில் மணி என்று வரிசையை மாற்றினால் சரியாகிவிடும். 'டிபக்' என்ற தேர்வைச் சேர்த்து இயக்கினால், எந்தத் துண்டை எப்படிப் படித்தது என்று வரிவரியாகச் சொல்லும். புதிய ஸ்கிரிப்ட் எழுதும்போதெல்லாம் ஒருமுறை அதைச் சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன்.

டேட் தரும் மாத எண் 08, 09 என்று வரும்போது ஸ்கிரிப்டின் கணக்கு முறிவதும் உண்டு. அது டேட்டின் பிழை அல்ல, ஸ்கிரிப்டை இயக்கும் பாஷ் என்ற நிரலின் வழக்கம். சுழியில் தொடங்கும் எண்ணை அது 8, 9 என்ற இலக்கங்களே இல்லாத எட்டின் அடிமான எண்ணாகப் படிப்பதால் ஆகஸ்டும் செப்டம்பரும் வந்தால் கணக்கு முறியும். தேதியை அச்சிடும்போதே முன்சுழியை நீக்கச் சொல்லிவிடலாம்.

நேர மண்டலத்துக்கு வருகிறேன். சென்னைக்கும் ரங்கூனுக்கும் சரியாக ஒரு மணி நேர வித்தியாசம். உலகப் பொது நேரத்தைவிட அவர்கள் ஐந்தரை மணி முன்னால், நாம் ஆறரை. சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் அமாவாசை தொடங்கும் நேரத்தை, ஊர்ப் பெயரோடு கொடுத்தால் டேட் நம் நேரத்துக்கு மாற்றித் தருகிறது. திதி எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் மாறுவதால் இது பொருந்தும். ராகு காலத்தை மட்டும் இப்படி மாற்றிவிடாதீர்கள். அது உள்ளூர்ச் சூரிய உதயத்தைப் பொறுத்தது.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். எந்த ஊருக்கு எப்போது என்ன நேரம் என்று கணினிகளுக்குச் சொல்லும் நேர மண்டலத் தரவுத்தளம் 'ஏசியா/ரங்கூன்' என்ற பெயரை 2016இல் 'ஏசியா/யாங்கோன்' என்று மாற்றியது. பழைய பெயரும் செல்லும். ஆனால் புதுப்பிக்காத பழைய கணினிக்குப் புதிய பெயர் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் சொல்லாது. உலகப் பொது நேரத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் 'ஏசியா' என்று மட்டும் எழுதும். ஒரு கிடங்கின் கணினியில் ஆறரை மணி நேரம் பின்தங்கிய பதிவுகளை மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். +0630 என்று வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தனை மனத்தாங்கலுக்குப் பிறகும் நான் இந்தக் கட்டளையை விடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் பெரியப்பா பிறந்தது ரங்கூனில், 1944 ஜனவரி 18, செவ்வாய்க்கிழமை. எங்கள் உறவினர் பலர் 1942இல் நடந்தே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள்; தாத்தா இங்கேயே தங்கிவிட்டார். அவர் எழுதி வைத்த குறிப்பில், சுபானு வருடம் தை மாதம் என்று தொடங்கி, 'ரங்கூன் மணி 10-20, உதயாதி நாழிகை 3' என்று இருக்கிறது. உதயாதி நாழிகை என்பது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது; ஒரு நாழிகை 24 நிமிடம். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6:40க்கு. 10:20 என்றால் ஒன்பது நாழிகைக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். ஜாதகம் கணித்தவர் மணியை நம்பினார். நாழிகையைத் தாத்தா தவறாக எழுதிவிட்டார் என்று சொல்லி மீன லக்னம் போட்டுக் கொடுத்தார். வீட்டிலும் எல்லோரும் அப்படியே நம்பினோம். தாத்தா படிக்காதவர், பிழை வந்திருக்கும் என்று பாட்டியே சொல்லியிருக்கிறார்.

பெரியப்பாவின் சதாபிஷேகத்துக்கு, எங்கள் வழக்கப்படி 80 வயதும் 8 மாதமும் நிறையும் நாளை டேட்டிடம் கேட்டேன். 2024 செப்டம்பர் 18 என்றது. கையோடு கையாக அந்தப் பிறந்த நேரத்தையும் ரங்கூன் மண்டலத்தில் கொடுத்து உலகப் பொது நேரத்துக்கு மாற்றினேன். 3:50 வர வேண்டிய இடத்தில் 1:20 வந்தது. நான்தான் தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் தட்டினேன். பிறகு மண்டல வித்தியாசத்தை அச்சிடச் சொன்னேன்: +0900.

1942 மே மாதத்திலிருந்து 1945 மே 3 வரை ரங்கூனுக்கு ஒன்பது மணி என்று அந்தத் தரவுத்தளத்தில் பதிந்திருக்கிறது. அது டோக்கியோ நேரம், ஜப்பானியர் ஆண்ட காலம். தாத்தா பார்த்த கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது. இன்றைய கணக்கில் அது காலை 7:50. உதயத்திலிருந்து எழுபது நிமிடம் சொச்சம், அதாவது மூன்று நாழிகை.

தாத்தா எழுதிய இரண்டுமே சரி. ஆட்சி மாறினால் கடிகாரம் மாறிவிடும் என்பதை அவர் அறிந்துதான் சூரியனையும் பார்த்து எழுதி வைத்தாரா என்று எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் யாரும் இல்லை. திரையில் இருந்ததைத் தாளில் எழுதிக்கொண்டு அன்று மாலையே பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "அப்பா சரியாகத்தானம்மா எழுதியிருக்கிறார்" என்றார். மகர லக்னத்தில் புதிய ஜாதகம் எழுதக் கொடுத்திருக்கிறோம். தாத்தாவின் குறிப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியாகிவிட்டது.